சுழியோடியின் ஈயக் கணக்கு

வடபகுதிப் பத்திரிகைகளின் உள்பக்கங்களில் அவ்வப்போது ஐந்தாறு வரிகளில் ஒரு செய்தி வெளியாவதுண்டு. கடலட்டை பிடிக்கச் சென்ற சுழியோடி உயிரிழந்தார் என்றோ, சங்கு குளிக்கச் சென்ற இளைஞர் கை கால் இயங்காத நிலையில் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார் என்றோ அச்செய்தி அமையும். ஊரின் பெயர், வயது, பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகியன அதில் இருக்கும். காரணம் என்ற இடத்தில் 'மூச்சுத்திணறல்' என்ற ஒற்றைச் சொல் இருக்கும். மறுநாள் வேறு செய்தி வந்துவிடும். இந்தச் செய்தி மறக்கப்பட்டுவிடும்.

இவ்வாறான செய்திகளில் காணக்கிடைக்காத கேள்வி ஒன்று உண்டு. அந்த மனிதரின் இடுப்பில் எத்தனை கிலோ ஈயம் இருந்தது? அது எந்த அடிப்படையில் கணக்கிடப்பட்டது? கேட்பதற்கு அற்பமான கேள்வி போலத் தோன்றும். ஆனால், நீரடி விபத்துகளை ஆராய்ந்தவர்கள் பல நாடுகளிலும் திரும்பத் திரும்ப எழுதிவைத்த உண்மை ஒன்றை இங்கு நினைவுகூர வேண்டும். இறந்த நிலையில் மீட்கப்பட்ட சுழியோடிகளில் மிகப் பலரின் ஈயப்பட்டி, கழற்றப்படாமல் இடுப்பிலேயே இருந்திருக்கின்றது. அவர்களைக் கொன்றது ஈயம் மட்டுமே என்று இதற்குப் பொருளில்லை. ஆனால், அவர்கள் மேலே வர முயன்ற வேளையில் அது அவர்களுக்கு உதவவும் இல்லை.

நான் சுழியோடி அல்லன். செய்தி தேடி மன்னார் முதல் மட்டக்களப்பு வரையான கரைகளில் அலைந்தவன் என்ற வகையிலும், கடலுக்கு அடியில் தொழில் செய்பவர்கள் பலரோடு மணிக்கணக்கில் பேசியவன் என்ற வகையிலும், இவ்விடயத்தில் எனக்கு உறுதியான ஓர் அபிப்பிராயம் உண்டு. நம்மவர் சுழியோடலை நுரையீரலின் வலிமையாகவும் நெஞ்சுரமாகவும் பார்க்கின்றனர். உண்மையில் அது ஒரு நிறைக் கணக்கு. அந்தக் கணக்கைக் கற்பிக்காமல் இளைஞர்களைக் கடலில் இறக்குவது, தராசு பார்க்கத் தெரியாதவனைக் கடையில் இருத்துவதை விட மோசமான காரியமாகும்.

கல்லில் தொடங்கிய வழக்கம்

மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு உலகப் புகழ் பெற்றது. அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய இடங்களில் முத்துக்குளிப்புக் காலத்தில் பெரும் தற்காலிக நகரங்களே எழும்பின. அங்கு கடலில் இறங்கியவர்கள் மூச்சை அடக்கியே இறங்கினர். கயிற்றில் கட்டிய பாரமான கல்லொன்றின் மீது காலை வைத்துக்கொண்டு சுழியோடி நிற்பான். கயிறு தளர்த்தப்பட்டதும் கல் அவனை அடித்தளத்துக்குக் கொண்டுசென்றுவிடும். கீழே சென்றதும் அவன் கல்லை விட்டுவிடுவான். தோணியில் நிற்பவர் அதனை மேலே இழுத்துக்கொள்வார். ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் சிப்பிகளைப் பொறுக்கிக் கூடையில் இட்டபின், அவன் பாரமின்றி மேலே வருவான்.

இந்த முறையில் ஒரு தெளிவான தருக்கம் இருக்கின்றது. பாரம் கீழே போவதற்கு மட்டுமே. வேலை முடியும்போது பாரம் உடம்பில் இல்லை. மூச்சடக்கி இறங்குபவனுக்கு இது முற்றிலும் பொருந்தும்.

ஆனால், சிலிண்டர் வந்த பின்பும் நம் கடற்கரைகளில் இதே எண்ணம் நீடிப்பதுதான் சிக்கல். 'கூட ஈயம் கட்டினால் கெதியாய் இறங்கலாம்' என்று சொல்பவர்களைப் பல கரைகளில் சந்தித்திருக்கிறேன். கல்லைக் கீழே விட்டுவிட்ட பாட்டனாரின் தருக்கத்தை, ஈயத்தை இடுப்பில் கட்டிக்கொண்டே மேலே வரவேண்டிய பேரன் பின்பற்றுகிறான். கருவி மாறிவிட்டது, கணக்கு மாறவில்லை.

சரக்குக் கரையும் கப்பல்

சிலிண்டரோடு இறங்குபவனுக்குரிய கணக்கை விளங்கிக்கொள்ள வல்வெட்டித்துறைப் பாய்க்கப்பல்களை நினைத்துப் பார்ப்பது உதவும். சரக்கேற்றிச் செல்லும் கப்பலுக்குச் சரக்கே பாரம். சரக்கை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும்போது அடித்தட்டில் கல்லையோ மணலையோ ஏற்றாமல் எந்தத் தண்டையலும் கடலேறமாட்டார். கப்பல் நீரில் உயர்ந்து, காற்றுக்குச் சாய்ந்துவிடும். அந்த அடிப்பாரத்தின் அளவைத் தீர்மானிப்பது வெறுங்கப்பலின் தேவையே ஆகும்.

சுழியோடியும் ஒரு கப்பல்தான். அவனுடைய சரக்கு, சிலிண்டருக்குள் அடைக்கப்பட்ட காற்று. (பத்திரிகைகள் இதனை 'ஒட்சிசன் சிலிண்டர்' என்று எழுதுவது வழக்கம். பெரும்பாலான சிலிண்டர்களில் இருப்பது நாம் சுவாசிக்கும் சாதாரண காற்றே. தூய ஒட்சிசனை 6 மீற்றருக்குக் கீழே சுவாசிப்பது வலிப்பை உண்டாக்கி உயிரைப் பறிக்கக்கூடியது.) கப்பலுக்கும் இவனுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றே. கப்பலின் சரக்குத் துறைமுகத்தில் இறக்கப்படுகின்றது. இவனுடைய சரக்கோ பயணத்தின்போதே மூச்சுக்கு மூச்சு கரைந்துகொண்டிருக்கின்றது.

காற்றுக்கு நிறை உண்டு என்பதை நாம் பாடசாலையில் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். சாதாரண வளிமண்டல அமுக்கத்தில் ஒரு லீற்றர் காற்றின் திணிவு ஏறத்தாழ 1.2 கிராம். உலகெங்கும் பாவனையிலுள்ள அலுமினியச் சிலிண்டரின் கொள்ளளவு ஏறத்தாழ 11 லீற்றர். அதனுள் 200 பார் அமுக்கத்துக்குச் சற்று மேலாகக் காற்றை அடைத்தால், அது ஏறக்குறைய 2,250 லீற்றர் காற்றைக் கொள்ளும். அதன் நிறை ஏறத்தாழ 2.7 கிலோ. இரண்டு சிலிண்டர்களை முதுகில் இணைத்துக் கட்டிக்கொண்டால் 5.4 கிலோ.

அதாவது, இரட்டைச் சிலிண்டரோடு இறங்குபவன், கடலுக்குள் இருக்கும்போதே ஐந்து கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தை இழக்கின்றான். இறங்கும்போது கல்லைப் போல இருந்தவன், ஏறும்போது தக்கையாகிவிடக்கூடும். மேற்சொன்ன அலுமினியச் சிலிண்டர் நிறைந்திருக்கும்போது நீரில் அரைக் கிலோவுக்குச் சற்று மேலாகக் கீழ்நோக்கி இழுக்கும். வெறுமையானதும் ஏறத்தாழ 2 கிலோ மேல்நோக்கி இழுக்கும். இரண்டு சிலிண்டர் எனில் 4 கிலோ.

ஓர் இளைஞர் என்னிடம் இவ்வாறு கேட்டார்: "ஐயா, ரெண்டு சிலிண்டர் எண்டால் ரெண்டு மடங்கு ஈயம் கட்டவேணுமோ? இல்லாட்டில் சிலிண்டரே பாரம் எண்டு ஈயத்தைக் கழட்டிப்போடலாமோ?" இரண்டுமே பிழையான முடிவுகள்தாம். ஆனால், கேள்வி மிகச் சரியானது. இரண்டாவது அலுமினியச் சிலிண்டருக்காகச் சேர்க்கவேண்டிய பாரம் ஏறத்தாழ 2 கிலோ மட்டுமே. இரட்டைச் சிலிண்டர்களைப் பொருத்துவதற்கு முதுகில் உருக்குத் தகடு ஒன்றை அணிவது வழக்கம். 3 கிலோ நிறையுள்ள தகடு நீரில் இரண்டரைக் கிலோவுக்குக் குறையாமல் கீழே இழுக்கும். ஆகவே, அத்தகட்டை அணிந்தவன் கூடுதலாக ஈயம் எதுவும் கட்டவேண்டிய தேவையே இல்லாமற் போகலாம். உருக்குச் சிலிண்டர்கள் எனில் கணக்கு மேலும் மாறும். அவற்றிற் பல வெறுமையான பின்பும் மிதப்பதில்லை.

ஹேர்மிஸ் கற்பிக்கும் பாடம்

ஒற்றைச் சிலிண்டர் போதாதா, எதற்காக இரண்டு என்று வாசகர்கள் கேட்கலாம். அதற்கு விடை மட்டக்களப்புக் கடலின் அடியில் கிடக்கின்றது.

விமானந்தாங்கிக் கப்பலாகவே வடிவமைக்கப்பட்ட உலகின் முதற் கப்பலான பிரித்தானியாவின் எச்.எம்.எஸ். ஹேர்மிஸ், 1942 ஏப்ரல் 9 ஆந் திகதி யப்பானிய விமானங்களின் குண்டுவீச்சில் மூழ்கியது. அதில் 307 பேர் உயிரிழந்தனர். அதனுடன் சென்ற அவுஸ்திரேலியாவின் வம்பயர் என்ற நாசகாரிக் கப்பலும் அன்றே மூழ்கடிக்கப்பட்டது. ஹேர்மிஸ் இன்று 50 மீற்றரைத் தாண்டிய ஆழத்தில் கிடக்கின்றது. யுத்தம் 2009 இல் முடிவுற்ற பின்னர், இதனைக் காண்பதற்கென்றே உலகின் பல பாகங்களிலிருந்தும் சுழியோடிகள் மட்டக்களப்புக்கு வருகின்றனர்.

50 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் மேற்பரப்பில் உள்ளதைப் போல 6 மடங்கு. தரையில் நிமிடத்துக்கு 20 லீற்றர் காற்றைச் சுவாசிப்பவனுக்கு அங்கு 120 லீற்றர் வேண்டும். 2,250 லீற்றர் கொண்ட ஒற்றைச் சிலிண்டர் பத்தொன்பது நிமிடங்களுக்குள் முற்றாகத் தீர்ந்துவிடும். திரும்பி வருவதற்கோ, தோழனுக்கு ஆபத்து நேர்ந்தால் கொடுப்பதற்கோ ஒரு மூச்சும் மிஞ்சாது. எனவேதான் இரட்டைச் சிலிண்டர்கள். அந்த ஆழத்தில் நைதரசன் மதுவைப் போலப் புத்தியை மயக்குவதால், ஈலியம் கலந்த வாயுவைப் பயிற்சி பெற்றவர்கள் பயன்படுத்துகின்றனர்.

ஆனால், மிகப் பெரிய ஆபத்து அடியில் இல்லை. மேற்பரப்புக்கு அண்மையிலேயே இருக்கின்றது. ஆழத்தில் இருந்த நேரத்தில் உடலின் இழையங்களில் கரைந்த நைதரசன், மெதுவாக நுரையீரல் வழியே வெளியேற வேண்டும். ஜே. எஸ். ஹோல்டேன் என்ற அறிஞரும் அவரது துணைவர்களும் 1908 இல் இதற்கான படிநிலை முறையை வெளியிட்டனர். அன்றிலிருந்து சுழியோடிகள் குறித்த ஆழங்களில் குறித்த நேரம் தரித்து நின்றே மேலே வருகின்றனர். கடைசித் தரிப்பு பெரும்பாலும் 6 மீற்றரிலோ 3 மீற்றரிலோ அமையும். அதுவே மிக நீண்டதாகவும் இருக்கும்.

இந்த இடத்தில்தான் ஈயக் கணக்கின் உயிர் இருக்கின்றது. கடைசித் தரிப்பில் நிற்கும் வேளையிலேயே சிலிண்டர்கள் ஏறத்தாழ வெறுமையாக உள்ளன. இறப்பர் உடையில் அடங்கியுள்ள சிறு குமிழ்கள், ஆழத்தில் நசுங்கியிருந்தவை, மீண்டும் விரிந்து மிதப்பைக் கூட்டுகின்றன. போயிலின் விதியின்படி 40 மீற்றரிலிருந்து 30 மீற்றருக்கு வரும்போது அமுக்கம் 5 இலிருந்து 4 ஆகவே குறைகின்றது. 10 மீற்றரிலிருந்து மேற்பரப்புக்கு வரும்போதோ 2 இலிருந்து 1 ஆகிவிடுகின்றது; வாயுவின் கனவளவு இரட்டிக்கின்றது. பாரம் போதாதவன் அவ்விடத்தில் நிற்கமுடியாமல் மேலே தள்ளப்படுவான். தரிப்பு தவறும். குருதியில் குமிழ்கள் உருவாகும். மூட்டு நோவில் தொடங்கி முள்ளந்தண்டுப் பாதிப்பு வரை அது சென்று முடியலாம்.

ஆகவே, விதி இதுதான்: ஈயம் கீழே போவதற்காக அன்று, வெறுஞ் சிலிண்டரோடு 3 மீற்றர் ஆழத்தில் அசையாமல் நிற்பதற்காக. அதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே கட்டவேண்டும். அதற்குக் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து.

கூடினால் என்ன ஆபத்து?

'குறைவதுதானே ஆபத்து, இரண்டு கிலோ கூடுதலாக இருந்தால் என்ன குறைந்துவிடும்?' என்ற வாதம் பலமாகவே முன்வைக்கப்படுகின்றது. அதற்குப் பதில் சொல்லாமல் செல்லமுடியாது.

முதலாவது, கூடுதலான ஒவ்வொரு கிலோவையும் சமப்படுத்த, முதுகிலுள்ள காற்றுப் பையில் ஏறத்தாழ ஒரு லீற்றர் காற்றைக் கூடுதலாக நிரப்பவேண்டும். அந்தக் காற்று ஆழத்துக்கு ஆழம் சுருங்கும், விரியும். பை பெரிதாக இருக்குமளவுக்கு அதனைக் கட்டுப்படுத்துவது கடினம். கூடுதலான ஈயம் மூழ்கடிக்கும் என்பதைப் பலர் அறிவர். அதே ஈயம் ஏறும் வேளையில் கட்டுக்கடங்காமல் மேலே வீசிவிடவும் கூடும் என்பதை அறிந்தவர் சிலரே.

இரண்டாவது, பாரத்தைச் சுமந்து நீந்துபவன் கூடுதலாக மூச்சு வாங்குகின்றான். காற்று விரைவில் தீர்கின்றது. வருந்தி உழைக்கும் உடலில் குருதியோட்டம் அதிகரிப்பதால், அது கூடுதலான நைதரசனையும் உள்வாங்கிக்கொள்கின்றது.

மூன்றாவது, காற்றுப் பை கிழிந்துவிட்டால் என்ன செய்வது? சரியாகக் கணக்கிட்டவனுக்கே, இறங்கிய சில நிமிடங்களில் இரட்டைச் சிலிண்டரின் 5.4 கிலோ காற்றும், நசுங்கிய உடை இழந்த ஓரிரு கிலோ மிதப்பும் சேர்ந்து, ஏழு கிலோ அளவுக்குக் கீழ்நோக்கிய இழுப்பு இருக்கும். அதனைக் கால்களால் உதைத்து மேலே கொண்டுவருவது பெரும்பாடு. அதன்மீது வீணான நாலைந்து கிலோ ஈயமும் சேர்ந்தால் அது இயலாத காரியம். எமது கடல் வெப்பமானது. மெல்லிய உடையே போதும். அத்தகைய உடையோடு பாரமான உருக்கு இரட்டைச் சிலிண்டரை அணிந்தால், ஈயம் ஒரு கிராமும் கட்டாமலேயே அளவு மிஞ்சிவிடலாம். அந்நிலையில் கழற்றி எறிவதற்கும் ஒன்றுமில்லை. ஈயம் இல்லை என்பதால் பாரம் இல்லை என்றாகிவிடாது. சிலிண்டரின் உலோகத்தைத் தெரிவு செய்வதே ஈயக் கணக்கின் முதல் வரி.

பாரம் எங்கே இருக்கின்றது?

எவ்வளவு பாரம் என்பது கணக்கின் பாதி. எங்கே பாரம் என்பது மறுபாதி. ஆங்கிலத்தில் 'ட்ரிம்' என்பர். நாம் உடற்கிடை என்று சொல்லலாம். கப்பலின் முன்னணியமும் பின்னணியமும் சமமாக நீரில் அமர்ந்திருக்க வேண்டும் என்பதைப் போல, சுழியோடியின் உடலும் நிலத்துக்குச் சமாந்தரமாகக் கிடக்க வேண்டும்.

மனித உடலை மேலே தூக்குவது பெரும்பாலும் நெஞ்சுப் பகுதி. நுரையீரலும் காற்றுப் பையும் அங்கேயே உள்ளன. ஈயப்பட்டியோ இடுப்பில் இருக்கின்றது. மேலுதைப்பு ஓரிடத்திலும் நிறை வேறோரிடத்திலும் தாக்கும்போது ஒரு திருப்பம் உண்டாகும் என்பது பள்ளிப் பாடம். கால்கள் தாழ்கின்றன, உடல் சரிகின்றது. அவ்வாறு 30 பாகை சரிந்து நீந்துபவனின் உதைப்பில், மேல்நோக்கிய கூறு மொத்த உதைப்பின் பாதியாகிவிடுகின்றது. அதாவது, ஒவ்வோர் உதைப்பும் அவனை மேலே தூக்குகின்றது. மேலே போகாமல் இருப்பதற்குக் கூடுதல் ஈயம் அவனுக்கு வசதியாகத் தோன்றுகின்றது. ஒரு பிழை மற்றப் பிழையை மறைக்கின்றது. கால்களை நிறுத்திய மறுகணமே அவன் மூழ்கத் தொடங்குவான். ஆகையால், அவன் நிறுத்துவதே இல்லை. அடிச்சேற்றைக் கலக்கிக்கொண்டும், பவளப் பாறைகளை உடைத்துக்கொண்டும் ஓயாது உதைத்தபடியே இருக்கின்றான். ஓரிடத்தில் அசையாமல் நிற்கச் சொல்லிப் பாருங்கள். அவனுடைய ஈயக் கணக்கின் இலட்சணம் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இரட்டைச் சிலிண்டரில் இச்சிக்கல் வேறு வடிவம் எடுக்கின்றது. இரண்டு வால்வுகளும் அவற்றை இணைக்கும் குழாயும் தலைக்குப் பின்னால் இருப்பதால், உருக்குச் சிலிண்டர் அணிந்தவர்களில் பலருக்குத் தலை தாழ்கின்றது. வெறுமையாகிவரும் அலுமினியச் சிலிண்டரில் அடிப்பாகம் மிதந்து எழுகின்றது. பாரம் முழுவதும் முதுகில் உயர்ந்திருப்பதால், உடல் பக்கவாட்டில் உருளவும் பார்க்கும்.

இதற்கான பரிகாரங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பணச்செலவு இல்லை. தலை தாழ்ந்தால் சிலிண்டர்களைக் கட்டும் பட்டிகளைத் தளர்த்தி, சிலிண்டர்களை இரண்டொரு சென்ரிமீற்றர் இடுப்புப் பக்கமாக இறக்கவேண்டும். கால் தாழ்ந்தால் தலைப் பக்கமாக உயர்த்தவேண்டும். அல்லது நிறை குறைந்த கால்துடுப்பை அணியவேண்டும். ஒரு கிலோவை 30 சென்ரிமீற்றர் நகர்த்துவதும் இரண்டு கிலோவை 15 சென்ரிமீற்றர் நகர்த்துவதும் ஒரே பலனைத் தரும். தேவையான ஈயத்தை இடுப்பில் மாலை போல் கோக்காமல், இரண்டு சிலிண்டர்களுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் முள்ளந்தண்டை ஒட்டிப் பொருத்தலாம். முதுகின் வளைவுக்கு உள்ளே பாரம் வந்துவிடுவதால் உருளும் தன்மை குறையும். ஆயினும் சிறு பகுதியையாவது கையால் இழுத்துக் கழற்றக்கூடிய விதத்தில் வைப்பது நன்று. அதுவும் சொற்பமாகவே இருக்கவேண்டும். தரிப்புக் கடமை உள்ளவன் பாரம் முழுவதையும் ஒரே தடவையில் எறிந்தால், மேற்பரப்புக்கு வீசப்பட்டு மற்றொரு விபத்தில் அகப்படுவான்.

1956 இல் இலங்கைக்கு வந்து குடியேறிய எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க், விண்வெளியில் நிறையற்று மிதக்கும் அனுபவத்துக்கு மிக நெருங்கியது என்பதாலேயே சுழியோடலை விரும்பினார். அவருடைய தோழர் மைக் வில்சன், போர்த்துக்கேயர் 17 ஆம் நூற்றாண்டில் இடித்த கோணேசர் ஆலயத்தின் எச்சங்களைத் திருகோணமலைக் கடலடியில் அதே ஆண்டில் கண்டார். கிளார்க் விரும்பிய அந்த நிறையின்மை, மூழ்குவதுமன்று, மிதப்பதுமன்று. இரண்டுக்கும் நடுவே நிற்பது. அதற்குத் துணிச்சல் வேண்டியதில்லை, அளவு வேண்டும்.

ஒரு மாலைநேரச் சோதனை

அந்த அளவைக் கண்டறிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. தொழில் முடிந்து, சிலிண்டர்களில் 40, 50 பார் மட்டும் மிஞ்சியிருக்கும் வேளையில், கயிறு ஒன்றைப் பிடித்துக்கொண்டு 3 மீற்றர் ஆழத்தில் நிற்கவேண்டும். காற்றுப் பையை முற்றாக வெறுமையாக்க வேண்டும். இயல்பாக மூச்சுவிட்டபடி கயிற்றை விடவேண்டும். மூழ்கினால், அரைக் கிலோ அரைக் கிலோவாக ஈயத்தைக் கழற்றித் தோழனிடம் கொடுக்கவேண்டும். அசையாமல் நிற்கும் நிலை வந்ததும் அதுவே அவனுடைய அளவு. சிலிண்டரில் எஞ்சியிருக்கும் சொற்பக் காற்றும் தீர்ந்துபோகும் அவசர நிலையைக் கருதி, அதன் நிறையை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்; இரட்டைச் சிலிண்டரில் அது ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக வரும்.

நிறைந்த சிலிண்டரோடு கரையில் நின்று மூழ்கிப் பார்த்து, 'இவ்வளவு போதும்' என்று முடிவு செய்பவன், செலவழியப்போகும் ஐந்து கிலோ காற்றைக் கணக்கில் எடுக்காதவன். உடை மாறினாலும், சிலிண்டர் மாறினாலும், உடல் நிறை கூடினாலும் குறைந்தாலும் சோதனையைத் திரும்பச் செய்யவேண்டும். குளத்திலோ நீச்சல் தடாகத்திலோ கண்ட அளவு கடலுக்குப் பொருந்தாது. உப்புநீரின் அடர்த்தி ஏறத்தாழ இரண்டரை வீதம் அதிகம் என்பதால், உடலும் கருவிகளும் சேர்ந்து 100 லீற்றர் இடத்தை அடைக்கும் ஒருவனுக்கு இரண்டரைக் கிலோ வேறுபாடு ஏற்படும்.

யாருக்காக இந்தக் கணக்கு?

ஹேர்மிஸைப் பார்க்க வரும் வெளிநாட்டவர் இவற்றையெல்லாம் பணம் கொடுத்துக் கற்று வந்தவர்கள். அவர்களுக்காக நான் கவலைப்படவில்லை. மன்னாரிலும் முல்லைத்தீவிலும் யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதிகளிலும் கடலட்டைக்கும் சங்குக்கும் இறங்கும் எங்கள் பிள்ளைகளைப் பற்றியதே என் கவலை. கரையோரத்தில் கடலட்டை அருகிவிட்டதால் அவர்கள் ஆழத்தை நோக்கித் தள்ளப்படுகின்றனர். ஒரே நாளில் பல சிலிண்டர்களை முடிக்கின்றனர். படகும் சிலிண்டரும் வேறொருவருக்குச் சொந்தமாக இருக்கும் இடத்தில், இறங்கும் ஆழத்தையும் நேரத்தையும் தீர்மானிப்பது பிடிபடும் அட்டைகளின் எண்ணிக்கையே தவிர, உடலின் நிலை அன்று.

'அனுபவம் போதும், புத்தகக் கணக்குத் தேவையில்லை' என்று முதலாளிமார் சொல்வதுண்டு. அனுபவத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. முத்துக்குளித்த பரம்பரையின் அனுபவம் எந்தக் கல்லூரியிலும் கிடைக்காதது. ஆனால், அந்த அனுபவம் மூச்சடக்கி இறங்கியவர்களுடையது. அமுக்கிய காற்றைச் சுவாசிப்பவனுக்கு அது பாதி வழிக்குத்தான் துணை வரும். நைதரசன் குமிழ் வலிக்கத் தொடங்குவது கரையேறிய பின்னர். தவறு செய்த இடமும் தண்டனை பெறும் இடமும் வேறு வேறாக இருப்பதால், அனுபவத்தால் மட்டும் இதனைக் கற்றுக்கொள்ள முடியாது.

செய்யவேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. கடலட்டை, சங்குத் தொழிலுக்கு உரிமம் வழங்கும்போது, வெறுஞ் சிலிண்டரோடு 3 மீற்றரில் மூன்று நிமிடம் அசையாமல் நின்று காட்டும் சோதனையை நிபந்தனையாக்கலாம். படகு ஒவ்வொன்றிலும் 6 மீற்றரிலும் 3 மீற்றரிலும் முடிச்சிட்ட, பாரம் கட்டிய கயிறு ஒன்றைத் தொங்கவிடுவதைக் கட்டாயமாக்கலாம். அதன் செலவு ஒரு நாள் எரிபொருட் செலவை விடக் குறைவு. ஈயப்பட்டிகளில் ஒரே இழுப்பில் கழலும் கொளுக்கி இருக்கவேண்டும். கயிற்று முடிச்சு தடை செய்யப்படவேண்டும். முதலுதவிக்கான ஒட்சிசன் படகில் இருக்கவேண்டும். அந்த இடத்தில் மட்டும் 'ஒட்சிசன் சிலிண்டர்' என்ற சொல் சரியாக இருக்கும். நோயாளியை மீள அமுக்கத்துக்கு உட்படுத்தும் அறைகள் இந்நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடியனவே என்பதால், கரையிலேயே தவிர்க்கக்கூடியதைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

இவை அனைத்தையும் படங்களோடு பத்துப் பக்கத்தில், கடற்றொழிலாளர் பேசும் தமிழில் எழுதி, சங்கங்கள் மூலம் வழங்க முடியும். புலம்பெயர்ந்த நாடுகளில் வாழும் எம்மவரில் முறையான பயிற்சி பெற்ற சுழியோடிகளும், பயிற்றுவிப்பாளர்களும், மருத்துவர்களும் இருக்கின்றனர். கோயில் கோபுரத்துக்கும் விளையாட்டுக் கழகத்துக்கும் தாராளமாக உதவும் அவர்கள், விடுமுறையில் ஊருக்கு வரும்போது ஒரு மாலைப்பொழுதைக் கடற்கரையில் செலவிட்டு, நாலு இளைஞர்களின் ஈயப்பட்டியைச் சரிபார்த்துவிட்டுப் போனால், அது எந்த நன்கொடைக்கும் குறைந்ததாகாது.

பத்திரிகை நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அந்த ஐந்தாறு வரிச் செய்தியை எழுதும்போது 'மூச்சுத்திணறல்' என்று முடித்துவிடாதீர்கள். எவ்வளவு ஆழம், எத்தனையாவது சிலிண்டர், தரித்து நின்றாரா, இடுப்பில் எத்தனை கிலோ என்று கேளுங்கள். தொடர்ந்து கேட்டால்தான், பதில் சொல்லவேண்டியவர்கள் கணக்கு வைக்கத் தொடங்குவார்கள்.